வந்த வண்டியும் போன வண்டியும்

காலை எட்டு மணிக்குச் சந்திப்பு ஓரத்தில், ஏதாவது ஒரு கடை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு கோடு கோடாகக் கிழித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே சந்திப்பில் இரவு பதினொன்றுக்கு மேல் ஏணி வண்டியை நிறுத்தி, கம்பத்தில் ஏறி விளக்கு மாற்றுகிறவரையும் பார்த்திருக்கலாம். இரண்டும் போக்குவரத்து டெக்னீஷியன் வேலைதான். முதல் ஆள் எண்ணியது தப்பானால், இரண்டாவது ஆள் துளிப் பழுதில்லாமல் வைத்திருக்கும் சிக்னலும் தப்பான நேரத்தைத்தான் காட்டும். இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் பெரும்பாலும் விளக்கு, ஒயர், கேமரா பக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். எண்ணுகிற பக்கத்தை யாரும் மதிப்பதில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு நாற்சந்தியில் பன்னிரண்டு நகர்வுகள் உண்டு. நான்கு கை, அதாவது சந்திப்பில் வந்து சேரும் நான்கு சாலைகள், ஒவ்வொன்றிலும் இடது, நேர், வலது. யூ-டர்ன் அனுமதி இருந்தால் பதினாறு. ஒவ்வொரு நகர்வையும் வண்டி வகை பிரித்து எண்ண வேண்டும்: டூ வீலர், ஆட்டோ, கார், குட்டியானை, பஸ், லாரி, டிராக்டர், சைக்கிள். கணக்கு 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். ஒரு மணி நேரத்துக்கு ஒரே கட்டமாக எண்ணிக்கொண்டு வந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். உச்ச நெரிசல் இருபது நிமிடத்தில் ஏறி இறங்கும் பள்ளிக்கூட வாசல் சந்திப்பில் மணிக்கணக்கு எதையும் காட்டாது. நம் ஊர்ச் சாலையில் ஒரு கைக்கு ஓர் ஆள் போதாது. டூ வீலருக்கு மட்டும் ஓர் ஆளை ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் இன்னோர் ஆளைப் போடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

எந்த நாளில் எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். சாதாரண வார நாள் வேண்டும். முகூர்த்த நாள், பள்ளி விடுமுறை, பொங்கலுக்கு முந்தைய வாரம், பக்கத்துத் தெருவில் கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டியிருக்கும் நாள் எல்லாம் ஆகாது. ஊருக்கு வெளியே உள்ள சாலைகளுக்கு சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) ஐ.ஆர்.சி. 9 என்ற விதி சொல்வது வேறு: ஏழு நாள் தொடர்ந்து, 24 மணி நேரமும், ஆண்டுக்கு இரண்டு முறை. அறுவடை, சந்தைக் காலத்தில் ஒன்று, வேலை குறைந்த காலத்தில் ஒன்று. சாலையின் பளு விளைச்சலோடு ஏறி இறங்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி.

இனி, பெரும்பாலான சந்திப்புகளில் நடக்கும் பிழை. வண்டிகளை ஸ்டாப் லைனில் வைத்து எண்ணுவார்கள். அங்கே நின்று எண்ணினால் தெரிவது எத்தனை வண்டி போயிற்று என்பது மட்டும்தான். எத்தனை வந்தது என்பது தெரியாது. சந்திப்பு நிரம்பாதபோது இரண்டும் ஒன்று. நிரம்பிவிட்டால் இரண்டும் வேறு.

எண்ணை வைத்துப் பாருங்கள். 7 மீட்டர் அகலமுள்ள ஒரு கை. மீட்டருக்கு 525 என்ற ஐ.ஆர்.சி. கணக்குப்படி, பச்சை மட்டும் எரிந்துகொண்டே இருந்தால் மணிக்கு 3,675 பி.சி.யு., அதாவது அத்தனை காருக்குச் சமமான போக்குவரத்து, அந்தக் கோட்டைத் தாண்டும். சுற்று நேரம், அதாவது எல்லாக் கைக்கும் ஒருமுறை பச்சை வந்து முடிய ஆகும் நேரம், 120 விநாடி, இந்தக் கைக்குப் பச்சை 30 விநாடி என்றால் தாண்டக்கூடியது அதில் கால்வாசி, சுமார் 919. உண்மையில் வந்து சேருவது 1,100 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப் லைனில் உட்கார்ந்திருப்பவர் தாளில் 919-தான் விழும். மீதி 181 வரிசையின் வாலில் நிற்கிறது, அது அவர் கண்ணுக்கே எட்டாது. அந்த 919-ஐ 3,675-ஆல் வகுத்தால் 0.25. இன்றைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் பச்சையின் பங்கும் 30/120, அதே 0.25. கணக்குப் போடுகிறவர் எத்தனை கவனமாகப் போட்டாலும் பழைய நேரமே புது நேரமாக வெளியே வரும். 'சர்வே எடுத்தோம், நேரம் சரியாகத்தான் இருக்கிறது' என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். உண்மையான விகிதம் 0.30.

இதற்கு மருந்து எளிது, ஆள்தான் கூடுதலாக வேண்டும். ஒவ்வொரு 15 நிமிடம் முடியும்போதும், பச்சை அணைந்த பிறகு தாண்ட முடியாமல் நிற்கும் வண்டிகளை எண்ண வேண்டும். 'போன எண்ணிக்கை, அதோடு கட்டத்தின் முடிவில் நின்ற வரிசை, அதிலிருந்து தொடக்கத்தில் நின்ற வரிசையைக் கழி' என்பதே வந்த எண்ணிக்கை. இதற்காக முன்கூட்டியே சக்கர அளவியை உருட்டி, 50 மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு நடைபாதை விளிம்பில் போட்டுவிட்டால், வாலில் நிற்பவர் நீளத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தாளைப் பார்த்தே பிழையைப் பிடிக்கவும் வழி உண்டு. உச்ச மணி நேரத்தின் மொத்தத்தை, அதில் மிகப் பெரிய கால் மணி எண்ணிக்கையின் நான்கு மடங்கால் வகுங்கள். இயல்பான கையில் இது 1-க்குச் சற்றுக் கீழே இருக்கும். ஏறக்குறைய 1 என்றே வந்தால் இரண்டில் ஒன்று: அந்தக் கை நிரம்பி வழிகிறது, அல்லது டீ குடிக்கப் போனவர் வந்து உத்தேசமாக நிரப்பியிருக்கிறார். இரண்டாவதைத் தனியாகக் கண்டுபிடிக்க, எண்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 0-மும் 5-மும் அளவுக்கு மிஞ்சி வந்தால் விடை கிடைத்துவிட்டது. அடுத்த சந்திப்பின் தாளையும் ஒட்டிப் பார்க்கலாம். இங்கிருந்து கிளம்பியது அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நடுவில் உள்ள தெருக்களுக்குக் கொஞ்சம் கூட்டல் கழித்தல் போகும், அவ்வளவுதான்.

வீடியோ எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். பாதி உண்மை. கேமராவை ஆறேழு மீட்டர் உயரத்துக்குக் கீழே கட்டினால் ஒரு பஸ் நான்கைந்து டூ வீலரை மறைத்துவிடும். மெமரி கார்டு நடுவில் நிரம்பும், கேமராக் கடிகாரம் முந்தின நாளைக் காட்டும், எதிர் வெயில் மாலை நாலரைக்கு நேராக லென்ஸில் அடிக்கும். தானாக எண்ணும் மென்பொருள் என்றால், ஒவ்வொரு கைக்கும் ஒரு கால் மணி நேரத்தை மனிதக் கண்ணால் எண்ணி ஒப்பிட்டுப் பார்க்காமல் எண்ணை ஏற்கக் கூடாது. சாலையின் குறுக்கே ரப்பர்க் குழாய் போட்டுச் சக்கர அச்சு எண்ணும் கருவி வரிசையாக வண்டி போகும் ஊருக்குச் செய்தது. மூன்று பைக் அக்கம்பக்கமாக ஏறினால் அது என்ன செய்யும்?

பி.சி.யு. மாற்றத்திலும் ஒரு கண் வேண்டும். நகரச் சாலைக்கான ஐ.ஆர்.சி. 106, டூ வீலர் மொத்தத்தில் 5 சதவீதம் என்றால் ஒன்றுக்கு 0.5 என்றும், 10 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 0.75 என்றும் வைக்கிறது. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் 10 சதவீதத்தைத் தாண்டாத சாலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கால் மணிக்கு 400 டூ வீலர் வரும் கையில் 0.5 போட்டால் 200, 0.75 போட்டால் 300. மணிக்கு 400 வித்தியாசம். அதோடு அந்த அட்டவணை சாலையின் நடுப்பகுதிக் கொள்ளளவுக்கானது. சிக்னல் வாசலில் பைக்குகள் இடுக்குகளில் புகுந்து முன்னால் வந்து நின்று, பச்சை விழுந்ததும் கொத்தாகக் கிளம்பிவிடுகின்றன. 2017-ல் வந்த இந்திய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு சிக்னல் சந்திப்பைத் தனியாகவே நடத்துகிறது. டெக்னீஷியன் செய்ய வேண்டியது ஒன்று: மாற்றாத அசல் எண்ணிக்கையை எப்போதும் சேர்த்துக் கொடுப்பது, எந்த அட்டவணையால் மாற்றினோம் என்று தாளின் தலையிலேயே எழுதுவது.

நேரக் கணக்கு பொறியாளர் வேலை. ஆனாலும் டெக்னீஷியனுக்கு அது புரியாவிட்டால் சந்திப்பில் நின்று எதையும் சொல்ல முடியாது. சிக்னலுக்கான ஐ.ஆர்.சி. 93 எடுத்துக்கொண்டிருப்பது வெப்ஸ்டர் முறை என்ற கணக்கு. இங்கே கட்டம் என்பது சில கைகளுக்கு ஒன்றாகப் பச்சை விழும் ஒரு முறை, விகிதம் என்பது மேலே 0.30 என்று வந்தது போல, வந்த எண்ணிக்கையை முழுப் பச்சையில் தாண்டக்கூடியதால் வகுத்தது. வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்டு. ஒவ்வொரு கட்டத்திலும் நெருக்கடியான கையின் விகிதத்தைக் கூட்டி, அதை 1-லிருந்து கழித்து, வந்ததால் வகு. கிடைப்பது சுற்று நேரம். வீணாகும் நேரம் என்பது கட்டத்துக்கு 2 விநாடி, அதோடு எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் நேரம். இரண்டு கட்டச் சந்திப்பில், எல்லாச் சிவப்பு 2 விநாடி வீதம் என்றால் வீணாவது 8. விகிதங்களின் கூட்டு 0.6 என்றால் சுற்று 42.5 விநாடி. கூட்டு 0.8 ஆனால் 85. 0.9 ஆனால் 170. கடைசிப் பத்து சதவீதம் சுற்றை இரட்டிப்பாக்கிவிடுகிறது.

நம் ஊரில் பல இடங்களில் ஒரு கை முடிந்து அடுத்த கை என்று நான்கு கட்டமாகத் திறந்துவிடுகிறார்கள். வலப்பக்கம் திரும்புகிறவரும் எதிரே வருகிறவரும் மோதிக்கொள்ள மாட்டார்கள் என்பது அதன் லாபம். விலை என்ன? வீணாகும் நேரம் 16 ஆகிறது, கூட்டு 0.8-க்கே சுற்று 145 விநாடி. நான்கு கட்டத்தில் கூட்டு விகிதமும் கூடத்தான் செய்யும். இரண்டு நிமிடச் சிவப்பில் நிற்கிறவர் அலுத்துக்கொள்வது கட்டங்களின் எண்ணிக்கைக்காகத்தான், அது அவருக்குத் தெரியாது. நடந்து கடக்கிறவருக்குக் கணக்கு தனி: நொடிக்கு 1.2 மீட்டர் நடை, தொடக்கத்தில் 7 விநாடி. 14 மீட்டர் சாலைக்கு 19 விநாடி ஆகிறது. முழங்கால் வலியோடு பையைத் தூக்கிக்கொண்டு வரும் பாட்டிக்கு 1.2 எட்டாது. மருத்துவமனை, கோயில், சந்தை வாசல்களில் அதைக் குறைத்துப் போடச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இத்தனையும் செய்து ஏற்றிய நேரத்தை, நெரிசல் நேரத்தில் பூத்தில் நிற்கும் போலீஸ்காரர் மேனுவலுக்கு மாற்றிவிடுவார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் குறை காண்பதற்கில்லை, அவர் கண்ணுக்கு வால் தெரிகிறது. ஆனால் எந்த மணியிலிருந்து எந்த மணிவரை மேனுவல் என்று சர்வே தாளில் குறிக்காவிட்டால், அந்த நேரத்து எண்ணிக்கை எதற்கும் உதவாது.

இனி இரவு வேலை. 'சிக்னல் எரியல' என்று ஒரே வார்த்தையில்தான் புகார் வரும். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, நான்கு பக்கமும் ஒரு முழுச் சுற்று நின்று பார்த்தால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும். ஒரே ஒரு விளக்கு மட்டும் இருண்டிருந்தால் அந்த எல்.இ.டி. மாட்யூல் அல்லது அதன் கனெக்டர். ஒரு கையின் எல்லாக் கம்பங்களிலும் ஒரே நிறம் மட்டும் இல்லையென்றால், பெட்டிக்குள் சிக்னலை இயக்கும் கன்ட்ரோலரில் அந்த வெளியீட்டின் ஃபியூஸ் அல்லது எலக்ட்ரானிக் ஸ்விட்ச். ஒரே கம்பத்தில் மூன்று நிறமும் போயிருந்தால் நியூட்ரலைப் பாருங்கள். எல்லாமே இருண்டிருந்தால் மின்சாரம், மெயின், அல்லது இன்வெர்ட்டர் பேட்டரி. எல்லாப் பக்கமும் மஞ்சள் சிமிட்டிக்கொண்டிருந்தால் கன்ட்ரோலர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அவசரப்பட்டு ரீசெட் பட்டனில் கை வைக்கக் கூடாது. முதலில் பிழைப் பதிவைப் படிக்க வேண்டும்.

கன்ட்ரோலரை இப்படி மஞ்சளுக்குத் தள்ளுவது அதற்குள் இருக்கும் காவல் சுற்று என்ற சர்க்யூட். அதன் வேலை, ஒன்றுக்கொன்று முட்டும் இரண்டு கைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை போய்விடாமல் பார்ப்பது. எந்தப் பச்சை எந்தப் பச்சையோடு சேரக் கூடாது என்ற பட்டியல் அதில் இருக்கும். புது நேரத் திட்டம் ஏற்றும்போது இந்தப் பட்டியலையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். சாலையில் வைத்துச் சோதிக்கக் கூடாது. பட்டறையில் விளக்குச் சுமை மாட்டி, ஒவ்வொரு இணைக்கும் வேண்டுமென்றே இரண்டு பச்சையைக் கொடுத்து, அது மஞ்சள் சிமிட்டலுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். 'அடிக்கடி பிளிங்கருக்குப் போகுது' என்பதற்காகக் காவல் சுற்றைத் தாண்டி ஒயர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை இந்த வேலையிலிருந்து அனுப்பிவிடுவது நல்லது.

புதியவர்களைக் குழப்பும் ஒன்று: அணைந்திருக்க வேண்டிய விளக்கு இரவில் மங்கலாக மினுக்கும். எலக்ட்ரானிக் ஸ்விட்ச் அணைந்த நிலையிலும் சில மில்லிஆம்பியர் கசியும். பழைய குண்டு பல்புக்கு அது உறைக்காது, எல்.இ.டி.க்கு உறைக்கும். விளக்கைக் கழற்றிவிட்டு அந்த முனையில் டிஜிட்டல் மீட்டரை வைத்தால், எதுவும் போகாத இடத்தில் 150, 200 வோல்ட் என்று காட்டும். கசிவை இழுத்துக்கொள்ள அங்கே சுமை இல்லை, அதுதான் காரணம். காவல் சுற்றும் இதே ஏமாற்றத்துக்கு ஆளாகி மஞ்சளுக்குப் போகலாம். ஒரு டெஸ்ட் லாம்ப்பைக் குறுக்கே போட்டுப் பாருங்கள். வோல்டேஜ் விழுந்துவிட்டால் கசிவு, தாங்கி நின்றால் ஸ்விட்ச் ஷார்ட். கசிவுக்குத் தீர்வு வெளியீட்டுக்குக் குறுக்கே ஒரு சுமை ரெசிஸ்டர்.

பழுதுகளில் பெரும்பங்கு கேபிளில்தான், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில். கோடையில் குடிநீர், மின்சாரம், மழைநீர் வடிகால், இன்டர்நெட் என்று ஆளாளுக்குத் தோண்டி, வெட்டுப்பட்ட கேபிளை இன்சுலேஷன் டேப் சுற்றி மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். வெயில் காலத்தில் சிக்னல் ஒழுங்காக எரியும். முதல் மழையில் ஜாயின்ட்டுக்குள் நீர் இறங்கி, பச்சையும் சிவப்பும் ஒன்றாகும், அல்லது பிரேக்கர் விழும். இரண்டு முனையையும் கழற்றிவிட்டு, கேபிளுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோரையும் மற்றவற்றோடும் எர்த்தோடும் மெக்கர், அதாவது இன்சுலேஷன் அளக்கும் மீட்டர், வைத்துப் பார்க்க வேண்டும். கன்ட்ரோலரோடு இணைந்திருக்கும்போது மெக்கர் சுற்றினால் போர்டு போய்விடும். ஜாயின்ட் போட்டே ஆக வேண்டுமென்றால் ரெசின் ஊற்றும் கிட். முடிந்தால் ஜாயின்ட்டே இல்லாமல் கம்பத்திலிருந்து கம்பத்துக்கு முழுத் துண்டு. பெட்டிக்குள் எலியும் எறும்பும் பல்லியும் வரும் வழி, கேபிள் நுழையும் அடித்துளை. அதை அடைக்கும் கால் கிலோ சீலன்ட் மிச்சப்படுத்தும் செலவுக்கு அளவில்லை.

கம்பத்தில் கை வைத்துக்கொண்டுதான் ஜனங்கள் சாலை கடக்கக் காத்திருக்கிறார்கள். தேங்கிய நீரில் செருப்பில்லாத கால், ஈரக் கை, இரும்புக் கம்பம். ஆகவே ஒவ்வொரு கம்பத்துக்கும் எர்த், பெட்டியில் 30 மில்லிஆம்பியரில் விழும் கசிவு பிரேக்கர். மழைக்கு முன் ஒருமுறை அந்தப் பிரேக்கரின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். மழையில் அது அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி, சாதா பிரேக்கர் மாட்டுவது ஆளைக் கொல்லும் வேலை.

தொடர் சிக்னல்களை ஒத்திசைப்பது பற்றிச் சுருக்கமாக. 400 மீட்டர் தூரம், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் அடுத்த பச்சை 36 விநாடி தள்ளி விழ வேண்டும். அங்கே ஏற்கெனவே வரிசை நிற்கிறதென்றால் அது கிளம்பும் நேரத்தைக் கழித்து, முன்கூட்டியே. இரண்டு சந்திப்புக்கும் சுற்று நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். கடிகாரங்களும் ஒன்றாக ஓட வேண்டும். ஜி.பி.எஸ். ஆண்டெனா மேல் விளம்பரத் தட்டி வந்து, கடிகாரம் நாளுக்குச் சில விநாடி நழுவினால், இரண்டு வாரத்தில் 'பச்சை அலை' என்று பேப்பரில் வந்தது ஒவ்வொரு சந்திப்பிலும் நிறுத்தும் அலையாகிவிடும்.

வண்டி வருவதை உணரச் சாலைக்குள் புதைக்கும் ஒயர் வளையமான லூப் டிடெக்டர் போடும் இடங்களில், அதற்கு வெட்டும் பள்ளத்தின் மூலைகளை நேராக வெட்டாமல் 45 பாகையில் சரித்து வெட்டவேண்டும். செங்குத்து மூலையில் ஒயரின் உறை அறுந்துபோகும். பெட்டிவரை போகும் இரண்டு ஒயரையும் மீட்டருக்குப் பத்து முறுக்குக்குக் குறையாமல் முறுக்க வேண்டும். ரோடு மேல்பூச்சைச் சுரண்டும் இயந்திரம் வந்தால் லூப்பும் போய்விடும். அதனால்தான் கேமரா, ரேடார் பக்கம் சாய்கிறார்கள்.

சாலையில் நிற்கும்போது கோன்களை வண்டி வரும் திசையிலிருந்து வைத்துக்கொண்டே வர வேண்டும், எடுக்கும்போது கடைசியாக வைத்ததை முதலில். ஏணி வண்டியை ஆளுக்கு முன்னால், அதாவது போக்குவரத்து வந்து மோதக்கூடிய பக்கத்தில் நிறுத்த வேண்டும். சாலை வேலை நடக்கும் இடங்களுக்கான ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55-ல் படத்தோடு இருக்கிறது, அதை அச்சடித்து வண்டியில் ஒட்டியே வைக்கலாம்.

வேலைக்கு எப்படி வருவது? சர்வே பக்கத்துக்கு டிப்ளமோ சிவில், சிக்னல் பக்கத்துக்கு ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக் மெக்கானிக், அல்லது டிப்ளமோ இ.இ.இ., இ.சி.இ. தமிழ்நாட்டில் சிக்னலை இயக்குவது பெரும்பாலும் போக்குவரத்துக் காவல்துறை, சாலை மாநகராட்சியுடையது அல்லது நெடுஞ்சாலைத் துறையுடையது, பராமரிப்பது ஒப்பந்த நிறுவனம், எண்ணுவது ஆலோசனை நிறுவனம். ஆக, சம்பளம் தருபவர் பெரும்பாலும் தனியார். ஒப்பந்தம் கைமாறும்போது வேலையும் ஆடும். எண்ணும் வேலை தினக்கூலியில் தொடங்கும். அங்கேயே தங்கிவிடாமல் இருக்க எக்செல்லை நன்றாகக் கற்பதும், ஆட்டோகேடில் ஒரு சந்திப்பை அளந்து வரையப் பழகுவதும் உதவும். சிக்னல் பக்கத்தில் கன்ட்ரோலர் புரோகிராம் போடத் தெரிந்தவருக்கும், விளக்கு மட்டும் மாற்றத் தெரிந்தவருக்கும் இரண்டு மூன்று ஆண்டில் பெரிய இடைவெளி விழுந்துவிடும். இரவு வேலை, வெயில், புகை, மழையில் போன் அடிப்பது எல்லாம் இரண்டு பேருக்கும் உண்டு.

சந்திப்பை விட்டுக் கிளம்பும் முன் பெட்டிக்குள் இருக்கும் நோட்டில் தேதி, நேரம், கண்ட பழுது, மாற்றிய பொருள், எர்த், மெக்கர் அளவுகள், ஓடிக்கொண்டிருக்கும் நேரத் திட்டத்தின் எண், அது எந்த மாதத்துச் சர்வேயிலிருந்து வந்தது என்பதை எழுத வேண்டும். கடைசிக் கட்டம்தான் பெரும்பாலான நோட்டுகளில் காலியாக இருக்கிறது.